கற்பூரம் வைக்க இடமில்லாத பம்பர்

"ஸ்கேல் வெச்சு நாலு கோடு போட்டா பம்பர் ஆயிடுமா பாப்பா?"

கேட்டவர் எங்கள் பிக்கப் ஸ்டாண்டின் தலைவர். அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய தொண்டைதான் தேர்ந்தெடுத்தது. எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டார். நான் எங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால் மண்ணில் மண்டிபோட்டு, ஒரு கையில் டேப்பும் வாயில் பென்சிலுமாக இருந்தேன். சுடிதாரின் இரண்டு முட்டியிலும் கிரீஸ்.

பென்சிலை எடுத்துவிட்டு, "நாலு பத்தாது பெரிப்பா, பதினாறு போட்டிருக்கேன்" என்றேன்.

"பதினாறா! அப்ப பம்பர் கூடவே கொழந்தையும் பொறக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். செங்கம் சாலையில், கிரிவலம் போகிறவர்கள் நடக்கும் வழியிலேயே எங்கள் ஸ்டாண்டு. அப்பா பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, கடைசியில் பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தார். ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலைக் கடைகளுக்கு இளநீர் ஏற்றிப் போனவர், கூட்டத்தை ஒழுங்குபடுத்த வைத்திருந்த இரும்புத் தடுப்பில் நேராகப் போய் மோதினார். "தடுப்புதான் வந்து மோதுச்சு" என்று இன்றுவரை சொல்கிறார். இளநீருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் பம்பர் மட்டும் நடுவில் தொய்ந்து இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டது. வண்டி எந்நேரமும் யாரைப் பார்த்தோ பல்லிளிப்பது போல இருந்தது. சாவு வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றிப் போனபோதும் அது அப்படியே இளித்துக்கொண்டு நின்றதில் அப்பாவுக்கு ரொம்பச் சங்கடம்.

தகட்டு பம்பரை மறுபடி போடாதே, இரும்பு பம்பராகப் போடு என்றது ஸ்டாண்டு. இரும்பு பம்பர் என்றால் தலைவர் வண்டியில் இருப்பது போல. வேலூரிலிருந்து ரெடிமேடாக வந்தது அது. மூன்று வரிசை குழாய், இரண்டு பக்கமும் கொம்பு, நடுவில் இறக்கை விரித்த கழுகு. ரேடியேட்டருக்குக் காற்று போக வேண்டிய இடத்தைக் கழுகு அடைத்துக்கொண்டிருக்கும். ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் வண்டி கொதித்து ஆவி விடும். "நம்ம வண்டிக்குக் கோவம் ஜாஸ்தி" என்பார் தலைவர்.

"அந்தக் கழுகு காத்த மறைக்குதுப்பா. நான் வேற வரைஞ்சு தரேன்" என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது ரொம்பக் கஷ்டம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பாவும் போயிருக்கிறார், சுண்ணாம்பு அடிக்க. அம்மா பஸ்ஸில் எழுத்தைப் பார்க்க மாட்டார், நிறத்தைப் பார்த்து ஏறுவார். ஒரு தடவை டிப்போவில் பெயின்ட் மாற்றிவிட்டதால் அவலூர்பேட்டை போய்ச் சேர்ந்தார். நான் டிப்ளமாவைக் கையில் பிடித்தபடி எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டி, தினமும் பூ வேறு வைத்தார். வீட்டுக்கு வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, எப்ப போச்சு புள்ள?" என்று கேட்டார். நான் உள்ளேயிருந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓசூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னி வேலை. பத்து நாளுக்குள் சம்மதம் எழுத வேண்டும். நான் படித்துக் காட்டினேன். அம்மா முதலில் கேட்டது, "ஓசூர் பஸ் இன்னா கலரு?" அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டு விஷயங்கள் ஸ்டாண்டில்தான் முடிவாகும். நானும் பின்னாலேயே போனேன்.

"இதுல யோசிக்க இன்னா கீது?" என்றார் தலைவர். "பொம்பளப் புள்ள, ஃபேக்டரி, ஷிஃப்ட்டு. நமக்கு ஆவுமா? டீச்சர் ட்ரெயினிங்ல சேத்து வுடு. சாயந்தரம் அஞ்சு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துடும்."

"அது வண்டி வேல படிச்ச புள்ளண்ணே."

"படிச்சா? ஒரு போல்ட்டு கழட்டியிருக்குமா?"

அப்பா என்னைப் பார்த்தார், இளிக்கும் வண்டியைப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி. நம்ம வண்டிக்கு பம்பர அதுவே வரையட்டும், அதுவே மாட்டட்டும். ஒழுங்கா உக்காந்துச்சுன்னா ஓசூர் போவட்டும். இல்லன்னா டீச்சர் ட்ரெயினிங்" என்றார்.

என் வாழ்க்கை இப்படித்தான் ஒரு பிக்கப்பின் முன்பக்கத்தில் தொங்கியது.

தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்தேன். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். நடுவில் காற்றுக்கு நல்ல இடைவெளி. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் இரண்டு முனைக்கும் கனமான தகட்டில் ஒவ்வொரு பிடி, பிடிக்கு நான்கு போல்ட். போல்ட் துளைகளை வட்டமாக வரையாமல் கொஞ்சம் நீளவாக்கில் வரைந்தேன். பழைய வண்டி முன்னே பின்னே இருந்தால் நகர்த்திக்கொள்ளலாம் என்று.

போளூர் சாலையில் இருந்த வெல்டிங் பட்டறைக்காரர் அதுவரை கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் செய்திருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், பின்னால் திருப்பிக் கிழமையையும் பார்த்தார்.

"எம்.எம். எல்லாம் நமக்கு வேணாம்மா. நூல் கணக்குல சொல்லுங்க."

இரும்பு வேலையில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். பாலிடெக்னிக்கில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லா அளவையும் நூலாக மாற்றி எழுதினேன்.

"ஓட்டை ஏன் கோழிமுட்ட மாதிரி கீது? கை நடுங்கிச்சா?"

"இல்லண்ணா. வேணும்னுதான்."

"நடுவுல மலை ஒண்ணு வெச்சுடட்டா? உச்சில தீபம் எரியற மாதிரி? கேட்டுக்கெல்லாம் அதான் கேக்கறாங்க."

"வேணாண்ணா. மலை பின்னாலயே நிக்குது. பாக்கறவங்க பாத்துக்கட்டும்."

அவருக்கு வருத்தம். ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

புதன்கிழமை காலை ஸ்டாண்டிலேயே மாட்டினோம். மாட்டுவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது தலைவர் போட்ட விதி. பழைய பம்பரின் போல்ட்டுகள் துருவேறி வண்டியோடு ஒட்டிப்போயிருந்தன. முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தும் இரண்டு மட்டும் அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்றேன். கடக் என்றது. நான் மண்ணில் விழுந்தேன், பின்னாலேயே பம்பர் விழுந்தது.

"ரெண்டுல எது கழண்டுச்சு?" என்றது ஒரு குரல்.

"ரெண்டும்" என்று எழுந்தேன்.

புதியதை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, அடுக்கிய செங்கல் மேல் வைத்தோம். அவ்வளவு கனத்தை யாரும் கையில் பிடித்துக்கொண்டு போல்ட் போட முடியாது. ஜாக்கி வைத்து நூல் நூலாக ஏற்றினேன். இடது பக்கம் நான்கு துளையும் கண்ணுக்குக் கண் பார்த்தன. போல்ட்டுகள் விரலாலேயே உள்ளே போயின. எனக்கு உடம்பெல்லாம் கர்வம். எழுந்து நின்று ஸ்டாண்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வலது பக்கம் போனேன்.

வலது பக்கம் ஒன்றுகூடச் சேரவில்லை.

தடுப்பில் மோதியபோது அந்தப் பக்கத்துச் சேஸிஸ் முனை உள்பக்கம் வளைந்திருக்கிறது. இடது பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு, வலதும் அப்படித்தானே இருக்கும் என்று நானாக எழுதிக்கொண்டேன். படித்தவர்கள் செய்யும் தப்பு அது. படிக்காத அப்பா துணி வாங்கினால்கூட இரண்டு முனையையும் பிடித்துப் பார்ப்பார். என் கோழிமுட்டைத் துளைகள் பாதி தூரத்துக்குத்தான் உதவின. மீதிக்கு வட்ட அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா பாப்பா, நகம் ராவறியா?"

"ஆமா பெரிப்பா. உங்களுதையும் குடுங்க, ஒண்ணா முடிச்சிடறேன்."

ஒரு மணி நேரம் ராவினேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அப்பா நிழலுக்காக ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்கு போல்ட்டும் போயின. கனமான வாஷர் போட்டு எட்டையும் முடுக்கினேன். தலைவர் வந்து பம்பர் மேல் ஏறி நின்று குதித்தார். வண்டிதான் ஆடியது, பம்பர் ஆடவில்லை.

"சரி, கற்பூரம் கொண்டாங்க" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஸ்டாண்டில் எந்த வண்டியும் முதல் லோடுக்குக் கிளம்புவதற்குள் முன் பம்பரின் மேல் கற்பூரம் ஏற்றாமல் நகராது. தரையில் ஏற்றுவது, தட்டில் ஏற்றுவது எல்லாம் கணக்கில் வராது. பம்பர் மேலேதான். தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் பதினாறு கோட்டில் ஒரு கோடு அதற்காகப் போடவில்லை. என்னுடைய பம்பர் பளபளவென்று உருண்டைக் குழாய்.

தலைவர் கற்பூரக் கட்டியை மேல் குழாயில் வைத்தார். உருண்டு விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. வெற்றிலையை மடித்து அதன் மேல் வைத்தார். வெற்றிலையும் சேர்ந்து விழுந்தது. மூன்றாவது தடவை அது விழுவதை எல்லோரும் கிரிக்கெட் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்கள்.

"காத்துக்கு எடம் வுட்டா, சாமிக்கு எடம் வுடல" என்றார் தலைவர். "இந்த பம்பர் உக்காரல."

"பம்பர் உக்காந்துச்சு பெரிப்பா. கற்பூரந்தான் உக்காரல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அப்பா முகத்தைப் பார்த்தேன். அவரும் மேல் குழாயில் கை வைத்து, தட்டையாக ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. "நாளைக்கு வரைக்கும் டைம் குடுப்பா" என்றேன். பதில் எழுத இன்னும் நான்கே நாள் இருந்தது.

மறுநாள் காலை எட்டு போல்ட்டையும் கழற்றி, பம்பரைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கையகலத் தகடு ஒன்றை மேல் குழாயின் நடுவில் படுக்கவைத்து வெல்டு வைக்கச் சொன்னேன். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்ட இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம். இனி யாரும் எதையும் கேட்கக் கூடாது. பட்டறைக்காரர் சந்தோஷமாகி, "மலையும் வெச்சுடலாமே" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன்.

திரும்ப மாட்டி முடித்தபோது மணி பன்னிரண்டரை. வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். வெல்டு வைத்த தகட்டோடு மேல் குழாய் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடிக்க வேண்டும், ராகு காலத்துக்கு முன் கற்பூரமும் ஏற்ற வேண்டும். டப்பாவில் எட்டு மணி நேரம் காய வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த ஸ்டாண்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். படித்துவிட்டு டப்பாவைத் திருப்பி வைத்தேன். சீக்கிரம் காயட்டும் என்று தின்னரை இரண்டு மடங்காக ஊற்றிக் கலக்கி அடித்தேன்.

ஒன்றேகாலுக்குத் தலைவர் கற்பூரத்தை வைத்தார். அது அசையாமல் உட்கார்ந்தது. ஸ்டாண்டே ஒரு பெருமூச்சு விட்டது. தீக்குச்சியைக் கிழித்தார்.

முதலில் கற்பூரம் எரிந்தது. பிறகு தகடு எரிந்தது. பிறகு மேல் குழாயின் இடது கோடி வரைக்கும் நீலமாக ஒரு கோடு ஓடி, குபுக்கென்று ஆள் உயரத்துக்கு எழுந்தது. தலைவர் புருவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தார். அந்த நேரம் பார்த்து, கிரிவலம் நடந்துகொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் எங்கள் வண்டிக்கு எதிரே வந்தார்கள். நின்றார்கள். செருப்பில்லாத காலை ஒன்றுசேர்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அரோகரா" என்றார்கள். பின்னால் வந்த கூட்டமும் என்னவென்று பாராமல் "அரோகரா" என்றது. ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பயபக்தியோடு படம் எடுத்தார். யாரோ டீக்கடை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். பால் கேன் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவி, பம்பர் மேல் மூடி, இரண்டு கையாலும் அமுக்கினேன். அணைந்தது. அந்த அம்மாக்களுக்கு என் மேல் கோபம். அதில் ஒருவர், "எரியற ஜோதிய அமுக்குறா பாரு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

சாக்கை எடுத்துப் பார்த்தால் தகட்டிலும் குழாயிலும் பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. மற்றபடி வண்டிக்கு ஒன்றும் இல்லை.

"பத்திக்கிச்சா இல்லையா?" என்றார் தலைவர். ஒரு புருவம் பாதியாகியிருந்தது.

"பத்துனது பெயின்ட்டு பெரிப்பா. பம்பர் இல்ல."

"பெயின்ட்டு யாரு அடிச்சா?"

"நான்தான்." அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் திரும்பிச் சொன்னேன்: "எட்டு மணி நேரம் காயணும்னு டப்பால போட்டிருந்துச்சுப்பா. படிச்சேன். தெரிஞ்சுதான் சொல்லல. இன்னிக்கே முடிச்சிடணும்னு அவசரம்."

அதுவரை என்னைக் கேலி செய்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள். அது கேலியைவிட மோசமாக இருந்தது. ஓசூர் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா சாக்கை மடித்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். "நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் மல்லாட்ட லோடு கீது. போய்ட்டு வந்து சொல்றேன்" என்றார், பொதுவாக எல்லோருக்கும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் வீட்டில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. அம்மா புளி கரைக்கச் சொன்னதற்கு அரிசியைக் களைந்து வைத்தேன். மூன்று மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். நான்கு மணிக்கு அப்பா வந்தார். வேர்க்கடலை மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அந்தக் குண்டும் குழியுமான சாலையில் திரும்பி வந்திருந்தார். இறங்கியதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். அவருடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிப் பார்க்கும் சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது முடிந்தும் அவர் வெளியே வரவில்லை. முதல் போல்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

வெளியே வந்தவர் தலைவரைப் பார்த்து, "ஒண்ணுகூட எளகலண்ணே. சத்தமும் வரல" என்றார்.

"எப்படி எளகும்? அவ்ளோ பெரிய ஆரத்தி காட்டியிருக்குது" என்றார் தலைவர், பாதிப் புருவத்தைத் தடவிக்கொண்டே.

அப்பா என் பக்கம் வந்தார். கையிலிருந்த கிரீஸைத் துண்டில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"பெயின்ட்டு மேட்டர் தப்பு" என்றார்.

"தப்புதான்பா."

"அங்க கம்பெனில இந்த மாதிரி செஞ்சுட்டு கம்முனு இருக்கக் கூடாது."

"மாட்டேன்."

"ஓசூர்ல குளிரு ஜாஸ்தியாமே. ஸ்வெட்டர் கீதா உங்கிட்ட?"

இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். ஸ்டாண்டில் அதுவும் நடந்தால் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

ஸ்வெட்டரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, வேறு துணியைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். அந்தக் கம்பெனிக் கடிதத்துக்கு இரண்டாவது பக்கம் ஒன்று உண்டு. அதை நான் வீட்டிலும் படித்துக் காட்டவில்லை, ஸ்டாண்டிலும் படித்துக் காட்டவில்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பேன்ட், சட்டை, ஷூவில்தான் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் வம்சத்தில் எந்தப் பெண்ணும் பேன்ட் போட்டதில்லை.

செவ்வாய்க்கிழமையே, பம்பர் வண்டியில் ஏறுவதற்கு முந்தின நாளே, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பைஜாமா தைக்கும் டெய்லரிடம் போய் இரண்டு பேன்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.